மூன்றாவது அலசல்

சலவைக்கு அந்த வாரம் முழுக்கத் தலைகால் புரியவில்லை. சலவை என்பது இங்கே துணி வெளுக்கிற வேலை இல்லை, ஆளின் பெயர். பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் கொழுப்புச் செல்களை வளர்த்து, அவற்றின் மேல் மூலிகைச் சரக்குகளைப் போட்டுப் பார்க்கிற ஆராய்ச்சிக்காரி அவள். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற சலவைக் கடை அவளுடைய அம்மாவுடையது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த மாடியில் யாரும் அவளை வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவளும் அதற்குக் கோபித்துக்கொள்கிறவள் இல்லை. வெள்ளைக் கோட்டில் ஒரு பொட்டுக் கறை இல்லாமல் திரிகிற ஒரே பிறவி அங்கே அவள்தான், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

தலைகால் புரியாததற்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷமாக வேர், பட்டை, இலை, விதை என்று கண்டதையெல்லாம் காய்ச்சி வடித்துப் பிரித்து, ஒவ்வொரு சரக்காகக் கொழுப்புச் செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தவள். எந்தச் சரக்குக்கும் அந்தச் செல்கள் மசியவில்லை. கொடுத்ததைக் குடித்துவிட்டுக் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன. வருஷாந்தரக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாலே பின் வரிசைக்காரர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். பலன் ஒன்றும் இல்லை என்பதை எத்தனை விதமாகத்தான் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அப்படிப்பட்டவளுக்குக் கடைசியில் அடித்தது யோகம். மருந்துக் கடைக்காரர்கள் கசப்பு வேர் என்று சொல்கிற ஒரு கொடியின் வேர். அதிலிருந்து அவள் பிரித்தெடுத்த பழுப்புத் தூள் கொழுப்பைப் பாதிக்குப் பாதி குறைத்தது. ஒரு தடவை இல்லை, செய்த ஒவ்வொரு தடவையும்!

அவள் செய்கிற வேலை கேட்பதற்குப் பெரிதாக இருக்குமே தவிர, சங்கதி சின்னதுதான். எலியிடமிருந்து வந்த குட்டிச் செல்களை ஆறு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் விட்டுத் தீனி போட்டு வளர்க்க வேண்டும். தரை தெரியாத அளவுக்கு அவை நெருக்கியடித்து நின்றதும் கொழுக்க வைக்கிற மருந்தைக் கொடுத்தால், ஒவ்வொன்றும் எண்ணெய்த் துளிகளை உள்ளே சேர்த்துக்கொண்டு உப்பும். மேல் வரிசைக் குழிகளுக்கு வெறும் தீனி. கீழ் வரிசைக்குத் தீனியோடு பழுப்புத் தூள். கடைசியில் தீனியை உறிஞ்சி எடுத்துவிட்டு, உப்புக் கரைசலால் அலசி, கொழுப்பை மட்டும் பிடிக்கிற சிவப்புச் சாயம் ஏற்ற வேண்டும். குழி எவ்வளவு சிவக்கிறதோ அதில் அவ்வளவு கொழுப்பு. அவளுடைய தட்டுகளில் மேல் வரிசை நல்ல சிவப்பாகவும் கீழ் வரிசை வெளிறிப்போயும் இருந்தன.

அவளுடைய பேராசிரியருக்கு அவசரம் என்று பெயர். லிப்ட் வருகிறவரை நிற்கப் பொறுக்காமல் மாடிப்படியில் ஏறி, படியிலும் பொறுக்காமல் இரண்டிரண்டாகத் தாவுகிற மனுஷன். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. வெளிறிய தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அன்றைக்கே மாத்திரைக் கம்பெனி ஒன்றுக்குப் போன் போட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவர்கள் வருவதாக ஏற்பாடு. பிடித்திருந்தால் ஆறே மாதத்தில் மாத்திரையாக உருட்டி ஆட்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்களாம்.

"நீ பேச வேண்டாம், நான் பேசிக்கிறேன்" என்றார் சலவையிடம். "உன் பேரை முதல்ல போட்டிருக்கேன். சந்தோஷமா?"

சந்தோஷமாவா? அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே போனதில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டார். வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவிடம் ஒன்றைச் சொல்வதும் பஸ் நிலையத்து ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். மறுநாள் சாயங்காலத்துக்குள் கோட்டு கொடுத்தவர், திரைச்சீலை கொடுத்தவர், ஒன்றும் கொடுக்காமல் விலாசம் கேட்க வந்தவர் என்று எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கடைக்கு வாடிக்கையாக வருகிற தொப்பைக்காரர் ஒருவர், எந்தக் கோட்டுக்கும் நடுப் பொத்தான் போட முடியாதவர், மாத்திரை வந்தால் முதல் டப்பி தனக்குத்தான் என்று சொல்லியே வைத்துவிட்டார்.

கம்பெனிக்காரர்கள் விவரமானவர்கள். வேறு ஒரு கை இதே சோதனையைச் செய்து பார்த்ததா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அவசரம் பக்கத்து அறைக்கு ஓடினார்.

பக்கத்து அறையில் இருந்தவள் தையல்காரி. அவளும் ஆராய்ச்சிக்காரிதான், ஊசி நூல் எடுத்துத் தைக்கிறவள் இல்லை. தீக்காயம் பட்டோ கட்டி எடுத்தோ கன்னம் குழிவிழுந்து போனவர்களுக்கு, அவர்களுடைய கொழுப்புச் செல்களையே வெளியில் வளர்த்து, மெல்லிய வலையில் ஏற்றித் திரும்ப வைப்பதற்கு வழி தேடிக்கொண்டிருந்தாள். கன்னத்துக்கு ஒட்டுப் போடுகிறவள் தையல்காரி இல்லாமல் வேறு யார்? வாய் ஜாஸ்தி, கையும் சுத்தம். சலவைக்கு அந்த மாடியிலேயே உயிர்த்தோழி.

"செய்யறேன், ஆனா உன் தோழிங்கறதுக்காகச் சாயத்தைக் குறைச்சுப் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை வளர்த்தாள். இரண்டு வாரம் தீனி போட்டு, வெள்ளிக்கிழமை முதல் தட்டுக்குச் சாயம் ஏற்றினாள். ஏற்றியதும் நேரே சலவையிடம் வந்து மேஜை மேல் தட்டை வைத்தாள்.

"ஏண்டி, கோவிச்சுக்காதே. மேலயும் கீழயும் ஒரே சிவப்பா இருக்கு."

சலவை தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரே சிவப்புத்தான். "தூளைச் சரியாக் கரைச்சியா?"

"கரைச்சேன்."

"செல் பழசா?"

"உன்கிட்டேருந்து வாங்கினதுதான். பழசுன்னா உன்னோடதும் பழசு."

"அப்ப நீ எதையோ சொதப்பியிருக்கே."

"நானா? சொதப்பறதா?" தையல்காரி இடுப்பில் கைவைத்தாள். "சரி வா. நாளைக்கு உன்கிட்ட ஒரு தட்டு இருக்கு, என்கிட்ட ஒரு தட்டு இருக்கு. பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து செய்வோம். யார் சொதப்பறாங்கன்னு தெரிஞ்சுடும்."

சனிக்கிழமை காலையில் மாடி காலியாக இருந்தது. இரண்டு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு, ஒருத்தி தட்டை ஒருத்தி எட்டிப் பார்க்கிற தூரத்தில் உட்கார்ந்தார்கள். தீனியை உறிஞ்சினார்கள், சரி. உப்புக் கரைசல் விட்டார்கள், சரி. லேசாகச் சுழற்றி உறிஞ்சினார்கள். மறுபடி விட்டார்கள், சுழற்றினார்கள், உறிஞ்சினார்கள். தையல்காரி அடுத்த பாட்டிலுக்குக் கை நீட்டினாள். சலவையோ கீழ் வரிசைக்கு இன்னொரு தடவை கரைசலை விட்டுக்கொண்டிருந்தாள்.

"நில்லு. அது என்ன மூணாவது?"

"எது மூணாவது?"

"மேல் வரிசைக்கு ரெண்டு தடவைதான் அலசினே. கீழே மட்டும் ஏன் மூணு?"

"பழுப்பு போகலையே. இங்க பாரு, தண்ணி இன்னும் கலங்கலா வருது. தண்ணி தெளியற வரைக்கும் அலசாட்டி எப்படி..."

சலவை சட்டென்று நிறுத்தினாள். கையில் பிடித்திருந்த உறிஞ்சு குழாயைப் பார்த்தாள், கீழே ஜாடியைப் பார்த்தாள், தோழியைப் பார்த்தாள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவளுக்குப் புரிந்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கொழுத்த செல்லுக்குத் தரையில் பிடிப்பு குறைவு. கரைசலை விட்டு விட்டு அலசினால் பெயர்ந்து மிதந்து, உறிஞ்சு குழாய் வழியாகக் கழிவு ஜாடிக்குப் போய்விடும். பழுப்புத் தூள் போட்ட குழிகளில் தண்ணீர் தெளியவில்லை என்று அவளுடைய கை தானாக இன்னொரு அலசு அலசியிருக்கிறது. கறை தெரிந்தால் இன்னொரு தடவை அலசுவது அவள் நடக்கப் பழகுமுன் பழகிய காரியம். செய்முறையில் அலசவும் என்று மட்டும் எழுதியிருந்தாள், எத்தனை தடவை என்று எழுதத் தோன்றவில்லை. சோறு தின்னும்போது மெல்லவும் என்று யாராவது எழுதுவார்களா? கொழுப்பு குறையவே இல்லை. கொழுப்போடு சேர்த்துச் செல்லையே அவள் கழுவிக் கொட்டியிருக்கிறாள்.

சலவைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தையல்காரிக்கும் தொற்றிக்கொண்டது. கையுறை போட்ட கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அப்புறம் சலவைக்கு அந்த நீர் நிற்கவில்லை. கையுறையோடு துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"ஆறு வருஷம்டி" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கிடைச்சுது."

தையல்காரி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அவசரத்துகிட்டச் சொல்லப்போறியா?"

"தெரியலை."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அது உன் இஷ்டம்."

தோழி அப்படிச் சொன்னதுதான் இவளுக்குக் கஷ்டமாகப் போயிற்று. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். முதல் பெயர் அவளுடையது. பின் வரிசைக்காரர்கள் டீயை மறந்து உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கு அது வேண்டும்போல இருந்தது, பசிக்கிறவளுக்குச் சோறு வேண்டும்போல வேண்டியிருந்தது. அதே சமயம், தொப்பைக்காரர் அந்தக் கசப்பு மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கிவிட்டு நடுப் பொத்தானை இழுத்துப் பார்க்கிற காட்சியும் கண் முன்னால் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள். நீராவி அடங்கிய இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் அம்மா கோட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டிருந்தாள். சலவை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்குச் செல், சாயம் எல்லாம் பிடிபட்டதோ என்னவோ, மூன்றாவது அலசு உடனே பிடிபட்டது.

"அப்ப என்னாலதான் கெட்டுதுங்கறியா?"

"உன்னாலன்னு யாரும்மா சொன்னா?"

"வேற யாரு உனக்கு அலசக் கத்துக்கொடுத்தா? பக்கத்து வீட்டுக்காரியா?" உறையை உதறி மாட்டினாள். "இப்ப என்ன பண்ணப்போறே?"

"நாளைக்கு அவங்க வர்றதுக்கு முன்னாடி சார்கிட்டச் சொல்லிடப்போறேன்."

அம்மா கையிலிருந்த கோட்டை வைத்துவிட்டாள். "ஏண்டி, ஒரு மாசம் பொறுத்துச் சொல்லக்கூடாதா? நான் தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேனே! நான் எந்த மூஞ்சியை வெச்சிட்டுக் கல்லால உட்காருவேன்?"

"ஒரு துணி தீஞ்சுபோனா நீ என்னம்மா பண்றே? அவங்க வந்து கேக்கறவரைக்குமா காத்திருக்கே? நீயே போன் பண்ணிச் சொல்லிடறியே."

"துணி வேற, மானம் வேற."

"யாரோட மானம்?"

"என்னோடதுதான்! பின்னே யாரோடது?" என்று அம்மா கத்தினாள். கத்திவிட்டு, அடக்க முடியாமல் தானே சிரித்தாள். சிரித்துவிட்டு, சிரித்ததற்காக மறுபடி கோபித்துக்கொண்டாள். அதே கோபத்தோடு கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். ஆனால் ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் மகளுக்குப் பிடித்ததை இரண்டாம் தடவையும் கேட்காமலே போட்டாள். அம்மாவின் கோபம் எப்போதும் அந்த மட்டும்தான்.

திங்கட்கிழமை காலையில் சலவை படிக்கட்டிலேயே அவசரத்தைப் பிடித்தாள்.

"சார், ஒரு விஷயம்."

"அப்புறம்."

"கசப்பு வேர் பத்திதான் சார். முக்கியம்."

"எல்லாம் அப்புறம். அவங்க கீழே வந்தாச்சு" என்று அவர் இரண்டிரண்டு படியாகத் தாவிப் போயே விட்டார். அவள் பின்னாலேயே ஓடினாள். ஓடினாலும் அவரைப் பிடிக்க முடியுமா என்ன?

கூட்ட அறையில் கம்பெனியிலிருந்து சாம்பல் கோட்டுப் போட்ட ஒரு அம்மையாரும் கண்ணாடிக்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரி கதவோரம் நின்றாள். அவசரம் திரையில் முதல் படத்தைப் போட்டார். மேல் வரிசை சிவப்பு, கீழ் வரிசை வெளிறல். "பாத்தீங்களா? பாதிக்குப் பாதி!" என்றார். சலவை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்திருக்காவிட்டால் இனி எப்போதும் எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. எழுந்து நின்றாள்.

"சார், மன்னிக்கணும். அந்தப் படம் தப்பு."

அவசரம் அன்றுதான் ஓர் இடத்தில் அசையாமல் நின்றார்.

அவள் சொன்னாள். மேல் வரிசைக்கு இரண்டு அலசு, கீழ் வரிசைக்கு மூன்று. சமமாக அலசினால் சிவப்பும் சமம். தன் கைப்பழக்கம்தான் கொழுப்பைக் குறைத்ததே தவிர, வேர் குறைக்கவில்லை. கடைசியில், "இந்தத் தடவையும் பலன் இல்லைங்க" என்று முடித்தாள். பல தடவை சொல்லிப் பழகிய வாக்கியம் என்பதால் அது மட்டும் தடுமாறாமல் வந்தது. சாம்பல் கோட்டு அம்மையார் புருவத்தை உயர்த்தி, கண்ணாடிக்காரரைப் பார்த்து, மரியாதையாக எழுந்தார். போகிற போக்கில் சலவையிடம், "எங்க நேரத்தை மிச்சம் பண்ணிக் கொடுத்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டினாரா, பாராட்டினாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவசரம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று ஆரம்பித்தவர், படிக்கட்டு ஞாபகம் வந்து அடங்கிவிட்டார்.

"வேற வழியில்லை. கசப்பு வேரை மூடிடு. மூடிட்டு, உனக்கு இங்க வேற என்ன வேலை இருக்குன்னு பார்க்கலாம். இருக்கான்னு எனக்கே தெரியலை."

"மூடறேன் சார். மூடறதுக்கு முன்னாடி ஒரு தட்டு மட்டும் பாக்கி."

"இன்னும் என்ன பாக்கி?"

"அலசினதாலதான் போச்சுன்னு எழுதணும்னா, மேல் வரிசையையும் மூணு தடவை அலசிக் காட்டணுமே. அதுவும் வெளிறினாத்தான் நான் சொன்னது நிரூபணம். முறையா முடிச்சுடறேன் சார்."

செத்துப்போன ஆராய்ச்சிக்கு நல்லடக்கம் பண்ணுகிற மாதிரித்தான் அதைச் செய்யப் போனாள். இன்குபேட்டரில் கடைசித் தட்டு அவளுக்காகக் காத்திருந்தது. செவ்வாய்க்கிழமை அதை எடுத்து வைத்துக்கொண்டு, மேல் வரிசைக்கு மூன்று, கீழ் வரிசைக்கு மூன்று என்று வாய்விட்டு எண்ணி அலசினாள். கழிவு ஜாடிக்கு விடாமல் ஒவ்வொரு குழியின் அலசு தண்ணீரையும் தனித்தனிக் குழாயில் பிடித்து வைத்தாள். போனது என்ன என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆத்திரம்தான் அதற்குக் காரணம். சாயம் ஏற்றினாள்.

கீழ் வரிசை வெளிறியது. மேல் வரிசை வெளிறவில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். மேல் வரிசை மூன்று அலசுக்கும் அசையாமல், நல்ல சிவப்பாக, தரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்படியென்றால் மூன்றாவது அலசு எல்லாச் செல்லையும் பெயர்ப்பதில்லை. பழுப்புத் தூள் குடித்த செல்லைத்தான் பெயர்க்கிறது. கீழ் வரிசையின் அலசு தண்ணீரை ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். செத்த குப்பை இருக்கும் என்று நினைத்தாள். உருண்டை உருண்டையாக, ஒன்றுகூட உடையாமல், உள்ளே எண்ணெய்த் துளிகள் பளபளக்க முழுசு முழுசாகக் கொழுப்புச் செல்கள் மிதந்துகொண்டிருந்தன. செத்த செல்லை மட்டும் நீலமாக்குகிற சாயத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். நீலம் ஏறவே இல்லை. எல்லாம் உயிரோடு!

"தையல்!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் அறையில் ஒருவர் டீயைக் கொட்டிக்கொண்டார்.

தையல்காரி ஓடி வந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

"இது எங்கேருந்துடி வந்துது?"

"அலசின தண்ணி."

"வெறும் உப்புக் கரைசல்லயா? கரண்டி வெச்சுச் சுரண்டலை? கரைக்கிற மருந்து போடலை?"

"ஒண்ணும் போடலை. வேர்த் தூளும் மூணு அலசும்தான்."

தையல்காரி நிமிர்ந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்துச் சலவைக்கே பயமாகிவிட்டது. கொழுத்த செல்லைத் தட்டில் வளர்ப்பது ஒரு கஷ்டம் என்றால், உடையாமல் தட்டிலிருந்து எடுப்பது ஒன்பது கஷ்டம். சுரண்டினால் வெடிக்கும், கரைக்கிற மருந்து போட்டால் தோலே போய்விடும். தையல்காரி எடுக்கிற ஒவ்வொரு தடவையும் கடைசியில் மிஞ்சுவது ஒரு குட்டை எண்ணெய்தான். அதைப் பார்த்துப் பார்த்து அவள் எத்தனை தடவை அழுதிருக்கிறாள் என்பது அந்த மாடியில் வேறு யாருக்கும் தெரியாது.

"பாவி!" என்றாள் தையல்காரி. "இத்தனை மாசமா இதைத்தான் ஜாடியில கொட்டிட்டிருந்தியா? சுவருக்கு அந்தப் பக்கம் நான் இதுக்காகத் தலையால தண்ணி குடிச்சிட்டிருக்கேன்!" என்று தோழியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். அப்புறம் இறுகக் கட்டிக்கொண்டாள்.

அவசரம் கேட்டுவிட்டு, அதிசயமாக, அவசரப்படவில்லை. சூடு கண்ட பூனை. முதலில் தையல்காரி தனியாகச் செய்ய வேண்டும், அவள் அலசுவதைச் சலவை பார்க்கவே கூடாது என்றார். அவள் செய்தாள், வந்தது. அப்புறம் அவரே கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அலசினார். அவருக்கும் வந்தது. எடுத்த செல்களைத் தையல்காரி தன் வலையில் ஏற்றினாள். அவை அங்கே போய் மெதுவாகக் கால் ஊன்றிப் பிடித்துக்கொண்டன. அப்புறம் மனுஷச் செல்லில் பார்த்தார்கள். மாதங்கள் ஓடின. வருஷாந்தரக் கூட்டத்தில் சலவை எழுந்து நின்றபோது, பழக்கதோஷத்தில் கிளம்பிய ஒரு பின் வரிசைக்காரர் பாதி வழியில் திரும்பி வந்து உட்கார்ந்தார். கட்டுரை முதல் பெயராக அவள் பெயரோடும் இரண்டாம் பெயராகத் தையல்காரி பெயரோடும் அச்சுக்குப் போனது. செய்முறையில் எத்தனை அலசு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தாள்.

இந்த மாதங்களில் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பெனிக்காரர்கள் வந்துபோன அந்தத் திங்கட்கிழமையே, மகள் வீடு திரும்புவதற்குள், கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "நான் மருந்துன்னு சொன்னேனே, அது தப்பு. மருந்து இல்லை" என்று தானாகவே சொல்லி முடித்திருந்தாள். தொப்பைக்காரரைப் போனில் கூப்பிட்டே சொன்னாளாம். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது மகளிடம் அதைத் தெரிவித்துவிட்டு, "இனிமே உன் விஷயம் எதையும் நான் வெளியில சொல்லமாட்டேன். நீயா சொல்லச் சொன்னாத்தான்" என்றாள். வீம்பாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னபடி நடந்தாள். கடையில் யாராவது "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால் "வேலைக்குப் போறா" என்பாள், அவ்வளவுதான். அம்மாவால் அத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்தது என்பதைச் சலவையால் நம்பவே முடியவில்லை.

கட்டுரை அச்சாகி வந்த அன்று சலவை நேரே கடைக்குப் போனாள். அம்மா கல்லாவில் இருந்தாள். மகளைப் பார்த்ததும் கண்ணில் கேள்வி வந்தது, வாயில் வரவில்லை.

"அம்மா, வந்தாச்சு. மூணு கை பாத்தாச்சு. இந்தத் தடவை நிஜம்."

"நிஜம்னா... கொழுப்பு குறையுமா?"

"குறையாது. கொழுப்பைச் சேதாரமில்லாம எடுத்து, கன்னம் போனவங்களுக்குத் திரும்ப வைக்கலாம். இனிமேதான் டாக்டர்ங்க பாக்கணும். எடுக்கற வழி மட்டும் நம்மளோடது."

அம்மா அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "கன்னம் போனவங்களுக்கு" என்றாள் மெதுவாக. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு சின்னப் பிள்ளை மிட்டாய் கேட்கிற குரலில், "இப்ப சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா சொல்லும்மா."

கதவு திறந்தது. வந்தவர் தொப்பைக்காரர், கையில் கோட்டு. சலவை சட்டென்று தொங்குகிற துணிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அம்மா ஆரம்பிக்கப்போகிற பெருமையை நேருக்கு நேர் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை. கன்னத்தையே புதுசாகச் செய்துவிட்டாள், பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று அம்மா அளக்கப்போவதை நினைத்து இப்போதே காது கூசியது.

"உங்க பொண்ணு எப்படி இருக்கா?" என்று தொப்பைக்காரர் வழக்கம்போலக் கேட்டார்.

"உட்காருங்க" என்றாள் அம்மா. ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. "நிதானமா கேளுங்க. என் பொண்ணு முதல்ல பெரிய தப்பு ஒண்ணு பண்ணா. யாருக்கும் தெரியாது, சொல்லாம இருந்திருக்கலாம். நானே சொல்லாதேன்னுதான் சொன்னேன். பெரிய பெரிய ஆளுங்க நடுவுல எழுந்து நின்னு, நான் பண்ணினது தப்புன்னு அவளே சொன்னா. அதுலேருந்து ஆரம்பிச்சாத்தான் மீதிக் கதை உங்களுக்குப் புரியும்."

அம்மா முழுசாகச் சொல்லி முடிக்கிறவரை சலவை அந்தக் கோட்டுகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை.